தாமரைப் பெட்டியோடு போன கடிதம்

கொல்கத்தா
30 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். பால்கனிக் கறிவேப்பிலையும் சௌக்கியம். நீங்கள் துபாய் போனபோது அது என் முழங்கால் உயரம். இந்த நான்கு வருடத்தில் தோளைத் தொட்டுவிட்டது. கீழ்வீட்டு வங்காளி அண்ணி, நம் பௌதி, வாரம் இரண்டு தரம் வந்து ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு போகிறார். போகும்போது, உன் வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று வங்காளியில் கேட்பார். நான் எந்த மொழியிலும் சேராத ஒரு சிரிப்பைச் சிரித்துவைப்பேன்.

ஊர்ச் செய்தி ஒன்று. மெட்ரோ ரயில் விமான நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. காளிகாட்டில் ஏறி நோவாபாராவில் மாறினால் நேரே வேலைக்கு வந்து இறங்கலாம். இத்தனை வருடம் பஸ்ஸில் நசுங்கியவளுக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் நாள் இறங்கி, திரும்பி நின்று, ரயிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று சரக்கு ஆபீசில் என் கூட ஆவணம் பார்க்கும் அனன்யா, பெட்டி மேல் ஒட்டுகிற உறையைப் பார்த்துவிட்டாள். "பூர்ணிமா தீதி, பில் ஒண்ணு, செடி ஆரோக்கியச் சான்றிதழ் ஒண்ணு. இது என்ன மூணாவது பேப்பர்?" என்றாள். அங்கே சரக்கை இறக்குகிற கம்பெனியில்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறார், அவருக்கு என்றேன்.

"ஏன், அவர்கிட்டே போன் இல்லையா?"

"இருக்கு. போன்ல பேசினா மூணாவது நிமிஷம் சண்டை வந்துடும். வெத்தலையோட அனுப்பினா வராது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது.

இன்றைக்கு நாற்பது கிலோ வெற்றிலை வருகிறது. இன்னொன்று, உங்கள் ஊர் வங்காளிகள் இந்த வருடம் பூஜைக்கு நூற்றெட்டுத் தாமரை கேட்டிருக்கிறார்கள். அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் அந்த நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் துர்கையின் காலடியில் வைத்தாக வேண்டுமாம். பொறுப்பு என் தலையில். காலியான பெட்டிகளைத் திருப்பி அனுப்பும்போது ஜெல் பாக்கெட்டுகளுக்கு அடியில் பதில் வையுங்கள். மேலே வைத்தால் ஈரத்தில் மை கரைந்துவிடுகிறது.

பூர்ணிமா

*

துபாய்
3 செப்டம்பர் 2025, புதன்கிழமை

என் அன்பு பூர்ணி,

வெற்றிலை நல்லபடியாக வந்தது. ஒரு இலைகூடக் கறுக்கவில்லை. பாராட்டு முடிந்தது, இனி விசாரணை.

பெட்டிக்குள் நீ போட்டு அனுப்பும் அந்தச் சின்ன லாகரைக் கம்ப்யூட்டரில் செருகினேன். உள்ளே எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்துவைத்திருக்கிறது. காலை ஆறு இருபது வரைக்கும் பன்னிரண்டு. அதிலிருந்து மெல்ல ஏறி, பதினொரு நிமிடத்தில் பத்தொன்பது. பிறகு நல்ல பிள்ளையாக இறங்கிவிடுகிறது. மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் என்ன செய்தாய்? வேறு யாராவது செய்திருந்தால் புகார் எழுதியிருப்பேன்.

இங்கே என் நாள் முழுவதும் மார்கழி. குளிர்க்கிடங்குக்குள் ஸ்வெட்டர், தொப்பி. கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் அக்கினி நட்சத்திரம். கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிடும். துடைக்காமல் அப்படியே ஒரு நிமிடம் நிற்பேன். அந்த மங்கலில் எதிரே தெரியும் கட்டடமெல்லாம் கிடர்பூர் மாதிரி இருக்கும். அப்பா துறைமுகத்தில் சரக்கு பார்த்த நாட்களில், விடியற்காலை மூட்டத்தில் கப்பல்கள் இப்படித்தான் நிற்கும். கப்பல் சரக்கு ஒரு மாதம் காத்திருக்கும், பூர்ணி. நம்முடைய சரக்கு அப்படி இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி, திங்கட்கிழமை கடைசி நாள். போட்டால் மூன்று வருடம் அசைய முடியாது. நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் போடமாட்டேன். மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
வாஞ்சி

*

கொல்கத்தா
13 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

விசாரணைக்குப் பதில். பெட்டியை மூடும்போது வெற்றிலையோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. கொல்கத்தாக் காற்று. மழையில் நனைந்த சுவர், டீக்கடைப் புகை, வாசலில் உதிர்ந்த பவழமல்லி எல்லாம் கலந்தது. மத்தியானம் நீங்கள் மூடியைத் திறக்கும்போது அது உங்கள் முகத்தில்தானே படும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நல்ல காற்றாகப் போகட்டும் என்று ஜன்னல் பக்கம் பெட்டியைத் தள்ளிவைத்துத் திறந்துவைத்தேன். பதினொரு நிமிடம் ஆனது தெரியவில்லை. வேண்டுமானால் புகார் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே கண் அசந்தேன். ஒரு கனவு. நான் பெட்டிக்குள் வெற்றிலைகளுக்கு நடுவே படுத்திருக்கிறேன். குளிர்கிறது, ஆனால் சுகமாக இருக்கிறது. விமானம் உறுமுவது முதுகில் கேட்கிறது. மேகம் உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. மேகத்துக்கு ஏது சத்தம் என்று கேட்காதீர்கள். பிறகு மூடி திறந்தது. உங்கள் முகம். நீங்கள் கையை நீட்டினீர்கள். என்னைத் தாண்டி லாகரை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

'வா' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்கிறீர்கள். போனபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? லேக் மார்க்கெட். கையில் முருங்கைக்காய்க் கட்டு. "டிக்கெட் வந்துடுச்சு, இருபத்தெட்டாம் தேதி கிளம்புறேன்" என்றீர்கள். வேலைக்கு எழுதிப் போட்டது, பேசியது, விசா எடுத்தது எல்லாம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. நாலு பேர் பேரம் பேசுகிற இடத்தில் சொன்னால் நான் கத்தமாட்டேன் என்று தெரிந்துதானே அங்கே சொன்னீர்கள்? முருங்கைக்காய்க்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

போகிற முடிவு உங்களுடையது. வருகிற முடிவை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். நாளைக்கு இங்கே ஏதாவது சரிப்படவில்லை என்றால், "நீதானே கூப்பிட்டாய்" என்பீர்கள். எனக்கு உங்களை நன்றாகத் தெரியும்.

பூர்ணிமா

*

துபாய்
17 செப்டம்பர் 2025, புதன்கிழமை

பூர்ணி,

இன்று அங்கே விஸ்வகர்மா பூஜை. ஹவுராவில் உன் அப்பா வேலை பார்த்த பட்டறை முழுக்கப் பூமாலையும் வானம் முழுக்கப் பட்டமுமாக இருக்கும். இங்கே வானம் சலவை செய்து காயப்போட்ட மாதிரி வெறுமனே கிடக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு பதில் யோசித்தேன். போன பிறகு உன்னைக் கூப்பிடவில்லையா என்பது முதல் பதில். கூப்பிட்டேன்; உன் வேலையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றாய். குடும்பத்துக்காகத்தானே போனேன் என்பது இரண்டாவது. அதை எழுதும்போதே எனக்குச் சலிப்பாக இருந்தது. மூன்றாவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். நீ வேண்டாம் என்றால் நான் போகமாட்டேன். போகாமல் இருந்துவிட்டு உன்மேல் எரிந்து விழுவேன். அதனால்தான் கேட்கவில்லை. இதுதான் நிஜம்.

மூடியைத் திறந்ததும் இப்போதெல்லாம் முகத்தைக் கிட்டே கொண்டுபோகிறேன். கூட வேலை செய்கிறவர்கள் நான் தரம் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். சனிக்கிழமை வந்த காற்றில் பவழமல்லி நிச்சயமாக இருந்தது.

தாமரைப் பெட்டி இருபத்தொன்பதாம் தேதி வருகிறது. அந்த உறையில் உன் கடிதம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாவிட்டால், அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவேன். இதை மிரட்டலாக நினைக்காதே. எனக்கு வேறு எப்படி முடிவு செய்வதென்று தெரியவில்லை.

வாஞ்சி

*

கொல்கத்தா
24 செப்டம்பர் 2025, புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுப் பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கரியாஹாட்டில் துணிக்கடைப் பலகைகள் மிதந்தன. நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். பந்தலுக்குக் கட்டிய மூங்கில்கள் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தன. பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் பௌதி அடிக்க வருவார், அவர் வீட்டுக் கட்டில் வரைக்கும் நனைந்துவிட்டது.

தாமரை பற்றிக் கவலை வேண்டாம். ஹவுரா பாலத்தடிப் பூச்சந்தையில் சொல்லிவைத்திருக்கிறேன். நூற்றெட்டுக்கு நூற்றுப் பத்து. எல்லாம் இறுக மூடிய மொட்டு. பத்து டிகிரிக்குக் கீழே போனால் இதழ் கறுக்கும். பதினைந்தைத் தாண்டினால் வழியிலேயே விரிந்து கொட்டிவிடும். தண்டுக்கு ஈரப் பஞ்சு, ஒவ்வொரு பத்துக்கும் தனிக் காகிதம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது மாதிரி அனுப்புகிறேன்.

நீங்கள் பயந்தேன் என்று எழுதியதைப் படித்தேன். பதில் தாமரையோடு வரும்.

பூர்ணிமா

*

துபாய்
1 அக்டோபர் 2025, புதன்கிழமை

பூர்ணி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தாமரை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நாற்பத்தெட்டு நிமிடச் சந்தி பூஜை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது நானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நூற்றுப் பத்தில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. உள்ளே தாக் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மொட்டுகளை ஒவ்வொன்றாக விரல்களால் விரித்துத் தட்டில் அடுக்கினார்கள். சாம்பிராணிப் புகையில் அந்த இடம் முழுவதும் கொஞ்சம் மேலே மிதப்பது போல இருந்தது.

இனி நடந்ததைக் கேள். திங்கட்கிழமை பெட்டி இறங்கியதும் செடிச் சோதனைப் பிரிவில் உறையைப் பிரித்தார்கள். பில் இருந்தது. சான்றிதழ் இருக்க வேண்டிய இடத்தில், நீல மையில் நெருக்கி எழுதிய இரண்டு தாள். பெட்டியைக் குளிர் அறையில் தனியே ஒதுக்கிவிட்டு, நாளைக்கு வா என்றுவிட்டார்கள். உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். நீ சாப்பிடப் போயிருந்தாய், அனன்யா எடுத்தாள். "ஐயோ, சான்றிதழ் பூர்ணிமா தீதி மேஜை மேலேயே இருக்கு!" என்று அலறினாள். கடிதத்தை நுழைக்கச் சான்றிதழை வெளியே எடுத்தவள், அதைத் திரும்ப வைக்காமலே உறையை ஒட்டியிருக்கிறாய். பதினாறு வருட அனுபவம்!

அவள் அனுப்பிய நகலைச் செவ்வாய்க்கிழமை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த இரண்டு தாள்? சரக்கோடு வந்த எழுத்து என்னவென்று தெரியாமல் பெட்டியை விட முடியாதாம். அதிகாரி ஒரு பெண். ஹிந்தி நன்றாகப் பேசினார். தாள்களை என் பக்கம் நகர்த்தி, வாசித்து அர்த்தம் சொல்லுங்கள் என்றார். அறையில் இன்னும் மூன்று பேர். பூஜைக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

உன் கடிதத்தை நான் முதன்முதலாகப் படித்தது அப்படித்தான், பூர்ணி. முன்பின் தெரியாத நான்கு பேருக்கு முன்னால், சத்தமாக, ஹிந்தியில்.

எடுத்ததுமே 'நீ' என்று எழுதியிருந்தாய். கல்யாணமான இந்தப் பதினோரு வருடத்தில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அடுத்து கறிவேப்பிலை வந்தது. அதிகாரி நிமிர்ந்தார். "செடியா? எங்கே அது?" கொல்கத்தாவில், பால்கனியில் என்றேன். "இலை ஏதாவது பெட்டியில் இருக்கிறதா?" இல்லை என்றேன். "விதை? மண்?" இல்லவே இல்லை என்றேன். ஒரு மேஜையில் யாரோ அதைக் குறித்துக்கொண்டார்கள்.

அப்புறம் அந்த வரி. 'போகட்டுமா என்று நீ ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், போய் வா என்றுதான் சொல்லியிருப்பேன்.' பாதி சொல்லி நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.

"கேட்காமல் போனவர் யார்?"

"நான்தான், மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அவர், "தனிப்பட்ட கடிதம். போதும்" என்று சொல்லி முத்திரை குத்தினார். இரண்டாவது தாளுக்குப் பின்பக்கம் ஒன்று இருந்தது. நான் திருப்புவதற்குள் தாள்களை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டார். கேட்டுப் பார்த்தேன், ஆவணத்தோடு வந்தது கோப்பில்தான் இருக்கும் என்றார். தாமரைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

ஆக, கடைசிப் பக்கத்தில் நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. சொல்லவும் வேண்டாம். அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்தால், அதுவும் உன் தலையில் கட்டுவதுதான். நீ போ என்றிருப்பாய் என்று தெரியாமல், நீ வேண்டாம் என்பாய் என்று பயந்து ஓடியவன் நான். நான்கு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

நேற்று மாலை பூஜை முடிந்து, காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தபோது, இதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வேறு வழி தெரியவில்லை, நேராகவே கேட்கிறேன்.

பூர்ணி, நான் வீட்டுக்கு வரட்டுமா?

வேண்டாம் என்றாலும் கோபப்பட மாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே கேட்கிறேன்.

உன்
வாஞ்சி

*

கொல்கத்தா
4 அக்டோபர் 2025, சனிக்கிழமை காலை

வாஞ்சி,

சுபோ பிஜயா, விஜயதசமி வாழ்த்து. நேற்று முன்தினம் துர்கையைக் கங்கையில் கரைத்தாகிவிட்டது. தெருவெல்லாம் பந்தல் பிரித்த மூங்கில். பௌதி நாரு என்கிற தேங்காய் உருண்டை கொண்டுவந்து, ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு என்று இரண்டு கொடுத்தார். உன்னுடையதையும் நானே சாப்பிட்டேன்.

மேனேஜர் என்னை ஆவண மேஜையிலிருந்து எடுத்துப் பொதி கட்டும் பக்கம் போட்டுவிட்டார். அது நியாயம்தான். பூஜையே நின்றுபோயிருக்கும். இன்றைய உறையை அனன்யாதான் ஒட்டுகிறாள். சான்றிதழை என் கண் முன்னால் ஆட்டிக் காட்டிவிட்டு உள்ளே வைக்கிறாள். நீ என் கடிதத்தை நாலு பேர் முன்னால் வாசித்ததைச் சொன்னேன். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஆச்சரியம், வெட்கமாகவே இல்லை. என் வாயால் ஒருவரிடமும் சொல்லாததை உன் வாயால் நாலு பேர் கேட்டார்களே என்று இருந்தது.

உன் கடிதத்தை வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் படித்தேன். நோவாபாராவில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகிற வண்டிக்குப் பதில் எதிர்ப் பக்க வண்டியில் ஏறிவிட்டேன். தக்ஷிணேஸ்வரத்தில் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஆற்றங்கரையில் கூட்டம் கூட்டமாகப் பிம்பங்களைக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரில் மாலையும் சாயமும் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு, உன் கடைசி வரியை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்க என்னிடம் கருவி இல்லை.

கடைசிப் பக்கத்தைச் சொல்ல வேண்டாம் என்கிறாய். சொல்லத்தான் போகிறேன். நாம் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும்.

மூன்று வரி எழுதியிருந்தேன். 'கையெழுத்துப் போட்டுவிடு. எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது. இனிமேல் கடிதமும் வேண்டாம்.' கோபத்தில் எழுதவில்லை. விளக்குப் போட்டு, நிதானமாக உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில் எழுதினேன். சான்றிதழை வைக்க மறந்தது அந்தத் தாளை மடிக்கும்போதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்த அம்மாள் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால், அதையும் நீ ஹிந்தியில் சொல்லியிருப்பாய். பூவைக் கொடுத்துவிட்டு நேரே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பாய். நானும் இங்கே தனியாகவே காலத்தை ஓட்டியிருப்பேன்.

அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். நீ கேட்காத வரைக்கும் என் பதில் அதுதான்.

இப்போது கேட்டுவிட்டாய். வா, வாஞ்சி. திங்கட்கிழமை அவர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வா. இங்கே என்ன வேலை, அதற்கப்புறம் என்ன என்பதை இரண்டு பேருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம்.

உன்
பூர்ணி